கல்லடிப் பாலத்திலிருந்து காரைதீவு வரை: ஆறு நாள் குறிப்புகள்

முதல் நாள்

வவுனியாவில் இரவு ஏறிய பேருந்து ஹபரணை, பொலன்னறுவை, வெலிக்கந்தை தாண்டி வாழைச்சேனைக்கு வந்தபோது கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. மட்டக்களப்புக்கு நான் வருவது இது முதல் முறையல்ல. ஆனால் கூட்டம், பயிற்சிப் பட்டறை, அறிக்கை என்று எதுவும் இல்லாமல், ஒரே ஒரு கேள்வியோடு வருவது இதுவே முதல் முறை. அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

2017 பெப்ரவரியில் வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் வவுனியாவில் வீதியோரம் பந்தலிட்டு அமர்ந்தபோது, துணைக்கு நின்றவர்களில் நானும் ஒருத்தி. மனு எழுதுவது, தண்ணீர் எடுத்துக் கொடுப்பது, வருகிற செய்தியாளர்களுக்கு விபரம் சொல்வது ஆகியவை என் வேலைகள். ஒரு பிற்பகல், வெயில் பந்தலுக்குள் சரிந்து விழுந்த நேரத்தில், நான்கைந்து தாய்மார் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது வெளியூர்ப் படப்பிடிப்பாளர் ஒருவர் வீதியைக் கடந்து வருவதைக் கண்டேன். ஓடிப்போய், "அம்மா, இப்ப சிரிக்க வேண்டாம், படம் எடுக்க வருகினம்" என்றேன். அவர்கள் உடனே நிறுத்தினார்கள். பிள்ளைகளின் படங்களை எடுத்து மடியில் நிமிர்த்தி வைத்தார்கள். ஒரு சொல் மறுத்துப் பேசவில்லை. அவர்கள் அடங்கிய அந்த வேகத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது.

நீதி கேட்பவர்கள் எந்நேரமும் அழுதுகொண்டே இருக்க வேண்டும் என்று எனக்கு யார் கற்றுத் தந்தார்கள்? போராட்டத்திலும் ஊர் கூடி வாழ்வதிலும் மகிழ்ச்சிக்கு என்ன வேலை இருக்கிறது? இதைக் கேட்பதற்கு மட்டக்களப்பை விடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. இழப்பின் கணக்கில் இந்த மண் எந்த ஊருக்கும் குறைந்ததில்லை. ஆட்டத்திலும் பாட்டிலும் குறைந்ததில்லை.

மாலையில் கல்லடிப் பழைய பாலத்தில் நடந்தேன். 1924இல் கட்டப்பட்ட அந்த இரும்புப் பாலத்துக்குப் பக்கத்திலேயே 2013இல் திறந்த புதிய பாலம் இருப்பதால், பழையது இப்போது நடப்பவர்களுக்கும் காற்று வாங்குபவர்களுக்கும் உரியதாகிவிட்டது. 2022இல் நாடு எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றபோது, இங்குள்ள பெண்கள் இந்தப் பாலத்தடியிலிருந்து காந்திப் பூங்கா வரை நீதிக்கான நடையை நாள்தோறும் நடந்தார்கள். அதில் நடந்த ஒரு அக்காவை இன்று பாலத்தில் சந்தித்தேன். எத்தனையோ போராட்டங்கள் ஒரு வாரத்தில் ஓய்ந்துபோக, அது எப்படி நாள் தவறாமல் நீண்டது என்று கேட்டேன். அவர் வாவியைப் பார்த்தபடி சொன்னார்: "கோரிக்கையை ஒரு நாள்ல சொல்லி முடிச்சிரலாம் புள்ள. மறுகா ஏன் வரணும்? பின்னேரம் ஆனா ஒருத்தர ஒருத்தர் காணணும் போல இருந்திச்சி, பாடணும் போல இருந்திச்சி. அதுக்காகத்தான் வந்த."

இரண்டாம் நாள்

இன்று முழுவதும் கூத்து. நகரின் விளிம்பில், வாவியை ஒட்டிய ஓர் ஊரில் இரவு ஆட்டப் பழக்கம் நடக்கிறது என்று கேள்விப்பட்டு, பொழுது சாயும்போதே போய்ச் சேர்ந்தேன்.

கூத்தை மேடையில் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு அதன் உள்வேலை தெரியாது. எனக்கும் தெரிந்திருக்கவில்லை. முதலில் அண்ணாவியார், அதாவது கூத்தைப் பழக்கும் ஆசான், யார் யாருக்கு எந்தப் பாத்திரம் என்று முடிவுசெய்து, ஊர் கூடி இருக்கையில் அவரவர் பாடல்களைக் கையளிப்பார். அதற்குச் சட்டம் கொடுத்தல் என்று பெயர். பிறகு மாதக் கணக்கில் இரவுகளில் ஆட்டம் பழகுவார்கள். கால் தேறியவர்களுக்குச் சதங்கை அணியும் விழா நடக்கும். அதன் பின் முழுக் கூத்தையும் ஓட்டிப் பார்க்கும் அடுக்குப் பார்த்தல், கடைசியில் வட்டக் களரியில் விடிய விடிய அரங்கேற்றம். அதோடும் முடிவதில்லை. கூத்தர்கள் வீடு வீடாகப் போய் முற்றத்தில் ஆடுவார்கள், வீட்டார் உபசரித்து அனுப்புவார்கள். ஒரு கூத்து அரங்கேறும்போது ஊரில் அதற்குக் கைகொடுக்காத வீடு அநேகமாக இருக்காது.

நான் வேலை செய்யும் இடத்தில், ஒரு மாதாந்தக் கூட்டத்துக்கு ஆட்களைச் சேர்ப்பதற்குப் போக்குவரத்துப் பணமும் மதியச் சோற்றுப் பார்சலும் கொடுக்கிறோம். அப்படியும் கையெழுத்துத் தாளில் பாதி இடம் வெறுமையாகத்தான் கிடக்கும். இங்கே பகல் முழுக்க மேசன் வேலை செய்து, சீமெந்துத் தூள் முழங்கையில் ஒட்டியிருக்க ஒருவர் வருகிறார். களப்பில் வலை வீசிவிட்டு ஒருவர் வருகிறார். பள்ளிக்கூடப் பையன் ஒருவன் கொப்பியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வருகிறான். யாரும் யாரையும் அழைக்கவில்லை. ஒருவர் வராவிட்டால் அவருடைய இடம் வட்டத்தில் வெறுமையாகத் தெரிகிறது என்பதே போதுமான அழைப்பாக இருக்கிறது.

அந்தப் பையனைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பதின்மூன்று வயது இருக்கலாம். சுற்றி வந்து திரும்பும் இடத்தில் அவனுடைய இடது கால் ஒவ்வொரு முறையும் அரைத் தாளம் பிந்தியது. அண்ணாவியார் திட்டவில்லை. மத்தளத்தை நிறுத்தி, வலந்தலையில் விரல்களை மட்டும் வைத்து, மிக மெதுவாக அதே தாளக்கட்டைச் சொன்னார். வட்டத்தில் நின்ற பெரியவர்கள் அத்தனை பேரும் அந்த மெதுவான வேகத்துக்கு இறங்கி அவனோடு ஆடினார்கள். ஏழாவது முறையோ எட்டாவது முறையோ கால் சரியாக விழுந்தது. சல்லாரி என்ற கைத்தாளம் போட்டவர் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார், சுற்றி இருந்த பெண்கள் குரவையிட்டார்கள், பையன் முகத்தை இரு கைகளாலும் மூடிக்கொண்டான். ஒரு சமூகம் தன்னில் பலவீனமான ஒருவருக்காக வேகத்தைக் குறைப்பது பற்றி நான் எத்தனையோ பயிற்சிக் கையேடுகளில் எழுதியிருக்கிறேன். அது எப்படி இருக்கும் என்பதை இன்றுதான் கண்ணால் கண்டேன்.

இந்த மகிழ்ச்சி எல்லாருக்கும் ஒரே அளவாகக் கிடைத்ததில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். மரபில் பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஆடினார்கள். பெண்ணையும் சாதியையும் இழிவாகப் பேசும் வரிகள் பழைய ஏடுகளில் உண்டு. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குக் கூத்தைக் கொண்டுபோய் மேடைக்கு ஏற்பச் சுருக்கினார், அவருக்குப் பின் சி. மௌனகுரு அதைப் பல நிலைகளில் வளர்த்தார். 2000களின் தொடக்கத்தில் சி. ஜெயசங்கரும் மூன்றாவது கண் என்ற உள்ளூர்ச் செயற்பாட்டுக் குழுவினரும் மட்டக்களப்பின் சீலாமுனை ஊரில் வேறு வழியைத் தேர்ந்தார்கள். கூத்தை ஊரை விட்டு வெளியே எடுக்காமல், ஊருக்குள்ளேயே அண்ணாவியார்களோடும் கூத்தர்களோடும் பெண்களோடும் உட்கார்ந்து எந்த வரி வேண்டும், எந்த வரி வேண்டாம் என்று பேசி, ஊராரே அதை மாற்றி ஆடினார்கள். கூத்து மீளுருவாக்கம் என்று அதற்குப் பெயரிட்டார்கள். ஆடும் ஆசை இருந்ததால்தான் அந்தக் கடினமான பேச்சைப் பேச ஊர் உட்கார்ந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. சாதியைப் பற்றியும் பெண்ணைப் பற்றியும் பேச வாருங்கள் என்று நாங்கள் அழைத்திருந்தால் எத்தனை பேர் வந்திருப்பார்கள்?

மூன்றாம் நாள்

போர்க்கால இடப்பெயர்வுகளின் நடுவே 1990களில் உருவான சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம், தொடக்கத்திலிருந்தே பாட்டையும் நாடகத்தையும் தன் வேலையின் ஒரு கையாக வைத்திருந்தது. அந்த வழியில் வந்தவர்களும் அவர்களிடம் கற்றவர்களுமாக மட்டக்களப்பில் இன்று பாடும் பெண்கள் பலர் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு சிறு குழு, வாரத்தில் ஒரு பிற்பகல் ஒரு வீட்டு விறாந்தையில் கூடுகிறது. அங்கே என்னையும் உட்கார வைத்தார்கள். ஒரு மத்தளம், இரண்டு சோடிச் சல்லாரி, ஒரு பிளாஸ்டிக் வாளி, பத்துப் பன்னிரண்டு பெண்கள்.

பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராக ஆடுவதையே எதிர்ப்பாக்கிய 'நூறு கோடி மக்களின் எழுச்சி' (One Billion Rising) என்ற இயக்கம் 2013 பெப்ரவரி 14இல் உலகெங்கும் தொடங்கியது. தெற்காசியாவில் அதை முன்னெடுத்தவர் 2021இல் மறைந்த இந்தியப் பெண்ணியச் செயற்பாட்டாளர் கமலா பாசின். மட்டக்களப்பில் அந்த நாள் உள்ளூர்த் தாளத்தோடும் உள்ளூர்ப் பாட்டோடும் கொண்டாடப்பட்டு வந்திருக்கிறது. "ஆடினால் அடி நின்றுவிடுமா?" என்று அப்போது கேட்டவர்களில் நானும் ஒருத்தி. இன்று அதே கேள்வியை, பழைய தொனியை விட்டுவிட்டு, உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆவலோடு கேட்டேன்.

மத்தளத்தை மடியில் வைத்திருந்த அம்மா விரலால் தோலைத் தட்டிக்கொண்டே பதில் சொன்னார். "நிக்காது மகள். அது ஆருக்குத் தெரியாது? ஆனா அடி வாங்கினவ முறைப்பாடு எழுதுற மேசைக்கு லேசில வரமாட்டா. ஊர் பாத்திரும், மாமியார் கேட்டிரும். பாட்டுப் பழகப் போறன் எண்டு சொல்லிற்று இங்க வரலாம். மூணு மாசம் சும்மா கை தட்டிற்று இருப்பா. நாலாம் மாசம் ஒரு நாள் பாட்டு முடியக்குள்ள எழும்பிப் போகாம இருப்பா. அண்டைக்குத்தான் கதைப்பா."

பக்கத்தில் இருந்த இளம்பெண் தலையைக் குனிந்து சிரித்தார். அந்த மூன்று மாதக் கணக்கு அவருடையது என்பதை நான் பிறகுதான் புரிந்துகொண்டேன்.

இங்கே மகிழ்ச்சி ஒரு திரையாகவும் கதவாகவும் இருக்கிறது. வெளியில் இருப்பவர்களின் கண்ணை மறைக்கிறது, உள்ளே வருபவருக்கு வழி விடுகிறது. முறைப்பாடும் வழக்கும் சட்டத்தரணியும் எல்லாம் பிறகு வருகின்றன, வரத்தான் வேண்டும். ஆனால் முதல் மூன்று மாதங்களுக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை.

தேநீருக்குப் பிறகு ஒரு விவாதம் எழுந்தது. பறைமேளத்தை ஊர்வலங்களில் எடுப்பது பற்றி. மட்டக்களப்பில் பறையும் தொந்தொடியும் சொர்ணாளியும் சேர்ந்த அந்த இசை, கோயிலுக்கும் சாவீட்டுக்கும் இன்றியமையாதது. அதை இசைக்கும் மனிதர்களைத்தான் ஊர் எட்ட நிறுத்தி வைத்தது. விடுதலையின் ஒலி என்று இப்போது நாங்கள் அதைக் கையில் எடுத்து மகிழும்போது, தலைமுறைகளாக அதை அடித்ததற்காகவே அவமானப்பட்டவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று ஒருவர் கேட்டார். அவர்களை அழைத்து, அவர்களிடமே கற்று, அதற்குரிய ஊதியமும் மதிப்பும் கொடுத்த பிறகே எடுக்கலாம் என்று மற்றொருவர் சொன்னார். முடிவு வரவில்லை. விவாதம் சூடாக இருந்தது. ஆனால் யாரும் எழுந்து போகவில்லை, ஏனென்றால் பாட்டு இன்னும் இரண்டு மிச்சம் இருந்தது.

நான்காம் நாள்

காலையிலிருந்து மழை. வைகாசியில் இப்படிப் பெய்வது குறைவு என்று விடுதிக்காரர் சொன்னார். வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைப் பற்றி மட்டும் இன்று எழுதுகிறேன்.

1996இல் இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகமும் கனடாக் கலைஞர் போல் ஹோகனும் மட்டக்களப்பில் தொடங்கிய அந்தப் பூங்காவுக்குத் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் வாரத்தில் ஒரு நாள் வந்து, வரைந்தும் களிமண் பிசைந்தும் கதை கட்டியும் விளையாடினார்கள். வருடத்தைக் கவனியுங்கள். 1990இல் இந்த மாவட்டத்தில் பள்ளிவாசல்களிலும் முகாம்களிலும் ஊர்களிலும் நடந்த படுகொலைகளுக்கு ஆறே வருடங்கள் பிந்திய காலம் அது. பெரியவர்கள் ஒருவர் ஊருக்குள் ஒருவர் கால் வைக்கத் தயங்கிய நேரத்தில், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, பிள்ளைகளுக்கு ஒரே முற்றம் கிடைத்தது. சமாதானம் வந்த பின் விளையாடலாம் என்று அந்த இருவரும் காத்திருந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் வளர்ந்து முடிந்திருப்பார்கள்.

ஐந்தாம் நாள்

அம்பாறை மாவட்டத்துக்குப் போகும் கரையோர வீதியில் பேருந்தின் யன்னலோரம் உட்கார்ந்தால் ஊர்களின் வரிசையே ஒரு பாடமாக இருக்கும். காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்லாறு, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு. முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் பாய் முடைவது போல மாறி மாறி வருகின்றன. 2021 பெப்ரவரி 3இல் தமிழர் உரிமைகளைக் கேட்டுப் பொத்துவிலில் தொடங்கி, வடக்கே பொலிகண்டி வரை போன பேரணி இந்த வீதியால்தான் வந்தது. கொவிட்டில் இறந்த முஸ்லிம்களின் உடல்களைக் கட்டாயமாக எரிப்பதற்கு எதிரான குரலும் அதில் சேர்ந்திருந்ததால், நெடுங்காலத்துக்குப் பிறகு இரு சமூகத்தவரும் ஒரே வரிசையில் நடந்தார்கள்.

மருதமுனையில் இறங்கினேன். கைத்தறிக்குப் பேர்போன ஊர். தெரிந்தவர் ஒருவர் அழைத்துச் சென்ற வீட்டில், அறுபது வயது கடந்த ராத்தா ஒருவர் தறியில் இருந்தபடியே பேசினார். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அவருடைய வீட்டிலும் இருவர். முகாமில் இருந்த நாட்களில், மனதைத் தேற்றுவதற்கென்று வெளியிலிருந்து பலர் வந்தார்களாம்.

"நல்ல புள்ளைகள்தான், குறை சொல்லக் கூடாது. வட்டமா இருத்தி, பந்து எறிஞ்சி, பேரச் சொல்லுங்க, சிரிங்க எண்டுவாங்க. நாங்களும் சிரிப்பம். அவங்க போனாப்புறகு தலை இடிக்கும் தங்கச்சி."

பிறகு தறியை நிறுத்தி, நூல் அறுந்த இடத்தை விரல் நுனியால் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டே மற்றதைச் சொன்னார். முகாமுக்குள் ஒரு கலியாணம் நடந்ததாம். மௌத்து வீடுகளுக்கு நடுவில் கலியாணமா என்று சிலர் முகம் சுளித்தார்கள். மாப்பிள்ளை வந்து இறங்கியபோது எல்லாரும் மௌனமாக நின்றார்கள். அப்போது மகளைக் கடலுக்குக் கொடுத்த ஒரு மூதாட்டி கூடாரத்திலிருந்து வெளியே வந்து, தன் ஒற்றைக் குரலில் குரவை போட்டாராம். அதன் பிறகு எல்லாப் பெண்களும் போட்டார்கள். இரவில் கவி படித்தார்கள். "அண்டைக்கு ராவுதான் எனக்கு நித்திரை வந்த" என்றார் ராத்தா.

கடலுக்குப் பிந்திய அந்த வருடங்களில் பந்தோடு வந்த நல்ல பிள்ளைகளில் என் வயதுக்காரர்களும் இருந்தார்கள். எங்களிடம் அன்பு இருந்தது. ஊரிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று கேட்கும் பொறுமைதான் இருக்கவில்லை.

மாலையில் காரைதீவு. சுவாமி விபுலாநந்தர் 1892இல் பிறந்த ஊர். கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசிச் சடங்கின் குளிர்த்தி. கிழக்கின் கண்ணகி கோயில்களில் இந்த நாட்களில் கண்ணகி வழக்குரை பாடப்படுகிறது. அதாவது, அரசன் செய்த கொலைக்கு நீதி கேட்டு ஒரு பெண் அவைக்குப் போய் வாதாடிய கதையை, வருடம்தோறும் ஊர் கூடியிருந்து கேட்கிறது. மதுரையை எரித்த அவளுடைய கோபத்தை யாரும் தவறென்று சொல்வதில்லை. அதைக் குளிர்விக்க வேண்டியது தங்கள் கடமை என்று ஊரே திரண்டு வருகிறது. தண்ணீரும் வேப்பிலையும் கைக்கு வந்த கணத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஒருமிக்க இட்ட குரவை என் முதுகுத் தண்டில் ஏறியது. என் பக்கத்தில் நின்ற பெண் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார், இரண்டில் எது முதலில் தொடங்கியது என்று சொல்ல முடியாதபடி.

கொம்பு விளையாட்டைப் பற்றியும் அங்கே ஒரு பெரியவர் விரிவாகச் சொன்னார். ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். ஒன்று கோவலன் பக்கம், மற்றது கண்ணகி பக்கம். வளைந்த கொம்புகள் இரண்டைக் கோத்து, வடம் கட்டி, ஏதாவது ஒரு கொம்பு முறியும்வரை இழுப்பார்கள். வென்றவர்கள் தோற்றவர்களை வாய்க்கு வந்தபடி வசைபாடலாம், அதற்கு அன்று அனுமதி உண்டு. மழை பொய்த்தபோதும் நோய் பரவியபோதும் இந்த விளையாட்டை ஊர்கள் நேர்ந்து நடத்தின. இதே விளையாட்டைத் தெற்கே, சிங்களவரும் தமிழரும் கலந்து வாழும் பாணமையில், பத்தினித் தெய்வம் என்று வழங்கும் கண்ணகிக்காக அங்கெலிய என்ற பெயரில் ஆடுகிறார்கள். அந்தப் பாணமை மக்களில் ஒரு பகுதியினர் 2010இல் தங்கள் கரையோரக் காணிகளிலிருந்து துரத்தப்பட்டு, பல வருடங்களாக அவற்றுக்காகப் போராடியவர்கள். ஒரே வடத்தைச் சேர்ந்து இழுத்துப் பழகிய கைகள் அவை என்பதை இன்று முதல் முறையாக நினைத்துப் பார்த்தேன்.

ஆறாம் நாள்

திரும்பும் பேருந்து இரவு ஏழரைக்கு. காலையில் வவுனியாவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தேன். அன்று பந்தலில் சிரித்தவர்களில் ஒருவர். மகனைத் தேடி எத்தனையோ ஆணைக்குழுக்களின் முன் சாட்சி சொன்னவர். உடம்பு சுகத்தையும் மழையையும் பற்றிப் பேசிவிட்டு, அந்தப் பிற்பகலை நினைவுபடுத்தி, சிரிக்க வேண்டாம் என்று நான் சொன்னது பிழை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"அதை இன்னும் வச்சிருக்கிறியே பிள்ளை," என்றார்.

அன்று என்ன கதைக்குச் சிரித்தீர்கள் என்று கேட்டேன். மறந்திருப்பார் என்றுதான் நினைத்தேன். மறுமுனையில் சற்று நேரம் சத்தமில்லை. பிறகு அவர் குரல் தொடங்கும்போதே சிரிப்பில் உடைந்தது.

அது மகனுடைய கதை. ஏழு வயதில், பள்ளிக்கூடம் போகப் பஞ்சிப்பட்டு, நெல்லுப் போடுகிற பெரிய பெட்டிக்குள் இறங்கி மூடியைச் சாத்திக்கொண்டானாம். அப்படியே நித்திரையாகிவிட்டான். வீட்டில் தேடி, பள்ளிக்கூடத்தில் தேடி, கிணற்றுக்குள் கொக்கத்தடி விட்டுத் தேடி, பொழுதுபடக் குளத்துக்குள் ஆட்கள் இறங்கிவிட்டார்கள். ஊர் முழுக்கக் கரையில் நின்று அழுகிறது. இவர் தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி வருகிறார். அடுப்படி வாசலில், தலைமயிர் முழுக்க நெல்லு உமியோடு, கண்ணைக் கசக்கிக்கொண்டு அவன் நிற்கிறான்.

"நிண்டு கொண்டு என்ன கேட்டவன் தெரியுமே?" என்றார். சிரிப்பு முட்டியதில் அவரால் மேலே சொல்ல முடியவில்லை. நான் காத்திருந்தேன். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"'எல்லாரும் எங்கயம்மா போட்டியள்? பசிக்குது, புட்டு இருக்கே?' எண்டு கேட்டவன்."